தோட்டத்தை முயல் தின்னாமல் காப்பது எப்படி: நெல்லைப் பக்கத்து மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற வழிகள்

நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை, மானூர் என்று எந்தப் பக்கம் போனாலும், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கீரை போடுகிறவர்கள் சொல்கிற புகார் ஏறக்குறைய ஒன்றுதான். சாயங்காலம் தண்ணீர் விட்டு வரும்போது பாத்தி பச்சைப்பசேலென்று இருந்தது, காலையில் போய்ப் பார்த்தால் மொட்டைத் தண்டுதான் நிற்கிறது. மயில் என்பார் ஒருவர், பக்கத்து வீட்டு ஆடு என்பார் இன்னொருவர். உடங்காடோ (உடைமரக் காடு) பொத்தையோ (சின்னக் குன்று) தரிசோ பக்கத்தில் இருந்தால் முயலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முயல்தான் என்று தெரிந்ததும் நம்மவர்கள் உயரமாக வேலி போடக் கிளம்பிவிடுகிறார்கள். ஐந்து அடிக்குக் கல்லுக்கால் நட்டு, முள்கம்பி நாலு வரிசை இழுத்து, நிறையச் செலவு செய்த பிறகும் முயல் அடிக்கம்பிக்குக் கீழே படுத்து நுழைந்து உளுந்தைத் தின்றுவிட்டுப் போகும். முள்கம்பி மாட்டுக்கும் மனிதனுக்கும் ஆனது. முயலுக்குத் தரையிலிருந்து முதல் ஒரு அடிதான் வேலி. அந்த ஒரு அடியில் சந்து இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, அதற்கு மேலே இருக்கிற இரண்டு அடி ஒரு பாதுகாப்புக்குத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், செலவு நிறையக் குறையும்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளில் பல, ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற முயலை வைத்து எழுதப்பட்டவை. அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிற விலங்கு, அதனால் கம்பி வலையை ஆழமாகப் புதைக்கச் சொல்வார்கள். நம் ஊர்க் காட்டுமுயல் வேறு இனம். பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், வளர்ந்தது இரண்டு கிலோவுக்கு மேல் தேறும், காதும் பின்னங்காலும் நீளம். இது வளை தோண்டுவதில்லை. பகல் முழுவதும் புல் தூரிலோ புதர் அடியிலோ உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் பறித்து அசையாமல் படுத்திருக்கும், கிட்டத்தில் போய்க் காலால் மிதிக்கிற நிலை வந்தால்தான் துள்ளி ஓடும். பொழுது சாயும்போது மேய வெளியே வரும், விடியுமுன் திரும்பிவிடும். ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது சுரங்கத்தைப் பற்றி இல்லை. வலைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சந்து, கதவுக்கு அடியில் இருக்கிற சந்து, வாய்க்கால் உள்ளே வருகிற சந்து, இந்த மூன்றையும்தான்.

முதலில் முயல்தானா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் காசைப் போடாதீர்கள். தின்ற தண்டின் நுனியைக் குனிந்து பாருங்கள். முயலுக்கு மேலும் கீழும் கூர்மையான முன்பல் இருக்கிறது, அதனால் கத்தியால் சரிவாகச் சீவியது மாதிரி வெட்டு சுத்தமாக இருக்கும். ஆட்டுக்கும் மானுக்கும் மேல் முன்பல் கிடையாது, அவை இழுத்துப் பிய்க்கும், நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். கங்கைகொண்டான் பக்கத்தில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் மானுக்குப் போடுகிற வேலியே வேறு. மயில் பகலில் வரும், கொத்தும், இளம் நாற்றைப் பிடுங்கிப் போடும். நாற்றைத் தரையோடு வெட்டி, வெட்டியதைத் தின்னாமல் அங்கேயே போட்டிருந்தால் அது பெரும்பாலும் வெட்டுப்புழு, மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும். மண் உழுதது போலப் புரண்டு கிடந்தால் பன்றி.

உயரமும் ஒரு துப்பு. முயல் பின்னங்காலில் எழுந்து நின்றால் ஏறக்குறைய இரண்டு அடி எட்டும். அதற்கு மேலே தின்றிருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

புழுக்கையையும் பாருங்கள். முயல் புழுக்கை உருண்டையாக, கொஞ்சம் தட்டையாக, காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும், விரலால் நசுக்கினால் புல் தூளாக உதிரும். ஆட்டுப் புழுக்கை நீள்வாட்டில், கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். அப்புறம் தடம். முன்னங்கால் இரண்டும் சின்னதாக ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து, அவற்றுக்கு முன்னால் பின்னங்கால் இரண்டும் பெரிதாகப் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருக்கும். தேரி மண்ணில், அதாவது செம்மணல் மேட்டில், விடியற்காலை போனால் இது எழுதி வைத்தது போலத் தெரியும். சரளை மண்ணில் தடம் விழாது, அங்கே சந்தேகப்படுகிற சந்துகளில் அடுப்புச் சாம்பலைச் சலித்து மெல்லிதாகத் தூவிவிட்டுத் தூங்கப் போங்கள், எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்று காலையில் தெரிந்துவிடும். முயலுக்கு வழக்கமான பாதை உண்டு, ஒரே தடத்தில் வந்து போகும். அந்தச் சந்து தெரிந்துவிட்டால் வேலியை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வியும் தீர்ந்தது.

கம்பி வலை வேலி

கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள வலையைத் தருவார்கள். ஒரு அங்குலக் கண் வாங்குங்கள், ஒன்றரைக்கு மேல் போக வேண்டாம், இரண்டு அங்குலக் கண்ணில் குட்டி முயல் நுழைந்துவிடும். அகலம் நாலு அடி இருந்தால் நல்லது. அதில் மூன்று அடி மேலே நிற்கும், மீதி ஒரு அடி கீழே வேலை செய்யும். துத்தநாகம் பூசிய கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். உவரி, கூடங்குளம், இடிந்தகரை மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் மேலே பிளாஸ்டிக் உறை போட்ட வலையாகப் பார்ப்பது நல்லது, உப்புக்காற்றில் சாதா வலை சீக்கிரம் பொடிந்துவிடும், அதுவும் மண்ணைத் தொடுகிற இடத்தில்தான் முதலில் பொடியும், நமக்கு முக்கியமான இடமும் அதுதான்.

கால் நடுவதற்குச் சீமைக்கருவேலக் கம்பு போதும், அது கிடைக்காத ஊர் நம் மாவட்டத்தில் இல்லை. பட்டையை உரித்து, காயவிட்டு, அடிப்பகுதியில் கழிவு எண்ணெய் தடவி நடுங்கள், பட்டையோடு நட்டால் வண்டு துளைத்துவிடும், கரையானும் பிடிக்கும். ஆறு அடி முதல் எட்டு அடிக்கு ஒரு கால். வலையை வெளிப்பக்கமாகக் கட்டுங்கள், கட்டுக்கம்பியால் ஒவ்வொரு காலிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று கட்டு.

கீழே மீதி இருக்கிற அந்த ஒரு அடி வலையை என்ன செய்வது என்பது மண்ணைப் பொறுத்தது. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி சொல்லிக் கொடுக்கிற ஆலோசனை நம்மிடம் செல்லாமல் போவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்குநேரி, வள்ளியூர், களக்காட்டுக்குக் கிழக்கே எல்லாம் செம்மண்ணும் சரளையும். கோடையில் கடப்பாரை போட்டால் தீப்பொறிதான் வரும், பள்ளம் வராது. அங்கே தோண்டுகிற பாட்டை விட்டுவிடுங்கள். அந்த ஒரு அடி வலையை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் பாய் விரித்த மாதிரி படுக்கவிட்டு, மேலே கல்லை நெருக்கமாக அடுக்குங்கள். முயல் வேலி அடியில் வந்து முகத்தை வைத்து முட்டும்போது அதன் காலடியில் வலை இருக்கும், பறிக்க முடியாது. இரண்டு மழை பெய்து புல் முளைத்துவிட்டால் புல் வேரே வலையைத் தைத்துவிடும், அப்புறம் கல்லை எடுத்தால்கூடப் பரவாயில்லை. உள்பக்கமாக மடக்காதீர்கள், பயன் இல்லை.

மானூர், கங்கைகொண்டான் தாண்டிச் சங்கரன்கோவில் பக்கம் கரிசல். மழைக்குப் பின் பள்ளம் எடுப்பது சுகம், ஆனால் சித்திரை வைகாசியில் அந்த மண் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், கால் சாயும், வலையின் அடி தூக்கிக்கொள்ளும். அங்கே அரை அடி ஆழத்துக்குப் புதைத்து, மீதி அரை அடியை வெளிப்பக்கம் மடக்கி மண் போடுங்கள். கோடை தொடங்கியதும் வேலியை ஒரு சுற்று நடந்து வந்து, வெடிப்பு வலைக்கு அடியில் குறுக்கே போகிற இடங்களில் மண்ணையும் குப்பையையும் போட்டு மிதித்துவிடுங்கள். கரிசலில் கால்களைக் கொஞ்சம் நெருக்கமாக, ஆழமாக நட வேண்டும்.

திசையன்விளை, உவரி சுற்றியிருக்கிற தேரி மண்ணில் தோண்டுவது குழந்தைக்கும் முடியும். அதுவே அங்கே பிரச்சினை. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும், நேற்று அரை அடி ஆழத்தில் இருந்த வலை இன்றைக்கு அந்தரத்தில் தொங்கும். இன்னொரு பக்கம் மணல் குவிந்து மூன்றடி வேலி ஒன்றரை அடியாகி, முயல் சாவகாசமாகத் தாண்டும். காற்று வருகிற மேற்குப் பக்கத்தில் வலையை முழு ஒரு அடி ஆழத்துக்குப் புதைத்து, வெளியே பனந்துண்டுகளை நீளவாக்கில் போட்டு வையுங்கள். கிழக்குப் பக்கத்தில் குவிகிற மணலை அவ்வப்போது வாரிவிடுங்கள். காற்றுக் காலத்தில் வாரம் ஒரு தடவை பார்க்காமல் தேரியில் முயல் வேலி நிற்காது.

ஆற்றுப்பாசனம் இருக்கிற சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வண்டல் மண்ணில் சாதாரணமாகப் புதைத்தாலே போதும்.

அடுத்தது கதவு. நல்ல வேலி போட்டு, படலை மட்டும் நாலு விரல் தூக்கலாக மாட்டி வைத்தால் அத்தனை செலவும் வீண். கதவுக்கு அடியில் ஒரு நீளக் கல்லையோ பனஞ்சட்டத்தையோ மண்ணோடு மண்ணாகப் பதித்து, கதவு மூடினால் அதன்மேல் உட்காருகிற மாதிரி வையுங்கள். இரும்புக் கேட் இருந்தால் கீழ் ஒன்றரை அடிக்கு உள்ளே கோழிவலையைக் கட்டிவிடுங்கள், கேட்டின் கம்பி இடைவெளியில் முயல் தாராளமாக நுழையும். தரைக்கும் கேட்டுக்கும் இடையில் பழைய டயர் ரப்பரை வெட்டித் தொங்கவிட்டு ஆணி அடித்தால் சந்து மூடிக்கொள்ளும், கதவு திறக்கவும் இடைஞ்சல் இல்லை. எல்லாவற்றையும் விட, பொழுது சாய்வதற்கு முன் கதவை மூடுகிற பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும்.

வாய்க்கால் உள்ளே வருகிற இடத்தில் திறந்த மடையாக விடாமல், ஒரு குழாய்த் துண்டைப் பதித்து அதன் வாயில் வலையைக் கட்டுங்கள். சருகு வந்து அடைத்துக்கொள்ளும், பாய்ச்சுகிற நாளில் கையை விட்டு எடுத்துவிட வேண்டியதுதான்.

வலை வாங்க வசதி இல்லை என்றால்

பனை இருக்கிற ஊரில் வலையே வேண்டாம் என்பேன். கருக்கு மட்டையை, அதாவது ஓரத்தில் ரம்பப்பல் உள்ள பனையோலைக் காம்பை, நெருக்கமாக நிறுத்தி, இரண்டு வரி குறுக்குக் கம்பு வைத்து, பனைநாரால் இறுக்கிக் கட்டிய மட்டை வேலி முயலுக்கு மிகப் பொருத்தமானது. மட்டைக்கும் மட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது, அடி மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். மட்டையின் அகன்ற அடிப்பகுதி கீழே வருகிற மாதிரி வைத்தால் சந்து தானாகவே குறையும். கரையான் அரிக்கும் என்பது உண்மைதான், இரண்டு மூன்று வருடத்தில் சில மட்டைகளை மாற்ற வேண்டிவரும். பனை ஏறுகிறவர்கள் குறைந்துபோன ஊர்களில் மட்டை கிடைப்பதும், அதைக் கட்டத் தெரிந்த கை கிடைப்பதும் சிரமமாகிவிட்டது, எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. கட்டத் தெரிந்த பெரியவர்கள் யாராவது ஊரில் இருந்தால் கூலி கொடுத்துக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லுங்கள், கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

உடைமுள், கருவேலமுள் அடைப்பு ஆட்டைத் தடுக்கும். முயலைத் தடுக்க வேண்டுமானால் முள்ளின் தூர்ப்பக்கம் உள்ளேயும் கிளைப்பக்கம் வெளியேயும் இருக்கிற மாதிரி வைத்து, கீழே நன்றாக மிதித்து அமுக்க வேண்டும். முள் காய்ந்து சுருங்கியதும் அடியில் சந்து விழும், அப்போது புதிதாக முள் போட வேண்டும். ஒரு சங்கடம், முள் அடைப்பின் அடியிலேயே முயல் படுக்கை போட்டுக்கொள்ளும், அதற்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

உயிர்வேலி வைக்க நினைப்பவர்கள் கிளுவை, திருகுகள்ளி, ரயில் கற்றாழை இவற்றில் ஒன்றைப் போடலாம். அடி மூட வருடங்கள் ஆகும், அதுவரை உள்பக்கம் இரண்டு அடி வலை இருந்தே ஆக வேண்டும். திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, வெட்டும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மீனவர்களிடம் பழைய நைலான் வலை மலிவாகக் கிடைக்கும், நிறையப் பேர் அதைச் சுற்றிக் கட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முயல் அதைப் பல்லால் எளிதில் அறுத்துவிடும், ஆனால் சாரைப்பாம்பும் ஓணானும் சிக்கி இரண்டு நாள் துடித்துச் சாகும். சாரை போனால் எலி பெருகும், அது உங்களுக்கே நஷ்டம்.

தோட்டம் முழுக்க வேலி தேவையா?

பல வீடுகளில் தேவையில்லை. முயலுக்கு எல்லாச் செடியும் ஒன்று கிடையாது. உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு, கடலை, அவரை இவற்றின் இளங்குருத்து, தண்டுக்கீரை, அரைக்கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி, இவைதான் முதல் பந்தி. தக்காளி, கத்திரி, மிளகாய் வளர்ந்த பிறகு அவ்வளவாகத் தொடாது, நாற்றாக இருக்கும்போது கடித்துப் பார்க்கும். கற்பூரவல்லி, துளசி, நித்தியகல்யாணி, அரளி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். எல்லாம் காய்ந்துபோன வைகாசியில் பசி வந்தால் இந்தப் பட்டியலை நம்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செண்டுமல்லியைச் சுற்றி நட்டால் முயல் வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பிப் பாத்தியைத் திறந்து போடாதீர்கள்.

அதனால் பிடித்தமான செடிகளை எல்லாம் ஒரே மூலையில் சேர்த்து, அந்த மூலைக்கு மட்டும் வேலி போடுங்கள். அரை சென்ட் கீரைக்கும் பயறுக்கும் ஆகிற வலை, பத்து சென்ட்டைச் சுற்றி வளைக்க ஆகிற வலையில் கால் பங்குகூட இருக்காது. நாற்றங்காலைத் தரையில் போடாமல் பழைய கட்டில் மேலோ, இரண்டரை அடி உயரத்தில் பனஞ்சட்டத்தில் பரண் கட்டியோ வைத்தால் நாற்றுக்கு வேலியே வேண்டாம், நத்தையும் குறையும்.

தனித்தனிச் செடிக்கு நாற்றை நட்ட அன்றே காவல் வைக்க வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்றால் மறுநாள் நாற்று இருக்காது. பழைய கடவப்பெட்டியோ ஓலைக்கூடையோ இருந்தால் பொழுது சாயும்போது நாற்றின்மேல் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்துவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். அடி வெட்டிய பெயிண்ட் வாளியை நாற்றைச் சுற்றி மண்ணில் இரண்டு அங்குலம் அழுத்தி நட்டாலும் சரி. முருங்கை, கொய்யா, மா, எலுமிச்சைக் கன்றுகளுக்கு இரண்டரை அடி உயரத்தில் கோழிவலையைக் குழாய் மாதிரி சுருட்டி, கன்றிலிருந்து அரை அடி தள்ளிச் சுற்றி நிறுத்தி, இரண்டு குச்சியில் கட்டுங்கள். வலை தண்டை ஒட்டி இருந்தால் முயல் வெளியிலிருந்தே கடித்துவிடும். இலையைத் தின்றால் கன்று மறுபடி துளிர்க்கும். கோடையில் பச்சை கிடைக்காதபோது அடிப்பட்டையைக் கடிக்கும், அதுதான் மோசம், பட்டை சுற்றிலும் போய்விட்டால் கன்று செத்துவிடும்.

வாசனை, வெளிச்சம், சேலை

பழைய கலர் சேலையைச் சுற்றிக் கட்டுவது பன்றிக்காக நிறையப் பேர் செய்வது. முயல் சேலைக்கு அடியில் புகுந்து வரும். மின்னுகிற பட்டையும் பாட்டிலும் பறவைக்கு ஆனவை. இரவில் விளக்குப் போட்டால், ரேடியோ பாடவிட்டால், முதலில் கொஞ்சம் தயங்கும், பிறகு பழகிவிடும். வாசனை முறைகளில் முட்டைக் கரைசலுக்கு ஓரளவு பலன் உண்டு. ஒரு முட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாக அடித்து, வடிகட்டி, ஒரு நாள் வைத்துத் தெளித்தால் அழுகல் வாடைக்கு முயல் ஒதுங்கும். மழை பெய்தால் போய்விடும், புதிதாக வந்த குருத்தில் மருந்து இருக்காது, அதனால் வாரம் ஒரு தடவையாவது தெளிக்க வேண்டும். சமைக்கிற கீரையில் தெளிக்காதீர்கள், பூச்செடிக்கும் மரக்கன்றுக்கும் மட்டும். பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்த கரைசலும் இப்படித்தான், இரண்டு நாள் தாங்கும். மீன் கழிவைப் போட்டால் முயல் போகும், நாய் வந்து பாத்தியைப் பறிக்கும். இவை எல்லாம் வேலி போட்டு முடிக்கிற வரைக்கும் கைத்துணையாக வைத்துக்கொள்ள வேண்டியவை, இவற்றையே நம்பி இருக்கக் கூடாது.

நாய் வளர்க்கிற வீட்டில் முயல் தொல்லை குறைவு என்பது உண்மை. ஆனால் கட்டி வைத்த நாய்க்கு முயல் பயப்படாது, அவிழ்த்து விட்ட நாய் குட்டி முயலைக் கொன்று போடும். வேலிக்குள் நாய் சுற்றி வருகிற மாதிரி இருந்தால் சரி.

செய்யக் கூடாதவை

சுருக்கு, கண்ணி, விஷம் வைத்த சோறு, வெடி, வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விடுவது, இவற்றில் ஒன்றையும் செய்யாதீர்கள். காட்டுமுயல் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற விலங்கு, வேட்டையாடுவதும் பிடிப்பதும் குற்றம், தோட்டத்தில் புகுந்தது என்பதற்காகக் கொல்ல நமக்கு அனுமதி கிடையாது. ஒரு காலத்தில் கூட்டமாகப் போய் வலை கட்டி முயல் பிடித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது இப்போது வழக்கில் கொண்டுபோய் விடும். மின்வேலியில் இரவு தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த வீட்டு ஆளே மாட்டிச் செத்த செய்தி அடிக்கடி வருகிறது, முயலுக்காக அந்த ஆபத்தை யாரும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விஷம் வைத்தால் மயில் சாகும், கீரி சாகும், பக்கத்து வீட்டு நாய் சாகும். நரியும் காட்டுப்பூனையும் கழுகும் நம் தரிசுகளில் இந்த முயலையும் தின்றுதான் வாழ்கின்றன. முயல் இல்லாமல் போனால் அவை கோழிக்கூட்டுப் பக்கம் வரலாம்.

புதரும் பருவமும்

தோட்டத்தைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் சீமைக்கருவேலப் புதர், முள் குவியல், உயர்ந்த புல் இவற்றைச் சுத்தம் செய்து வைத்தால் முயல் வரத் தயங்கும், ஓடி ஒளிய இடம் பக்கத்தில் இல்லாமல் அது வெட்டவெளியைத் தாண்ட விரும்பாது. அதற்காகத் தூரத்தில் இருக்கிற தரிசையும் மழித்துவிடாதீர்கள், அங்கே புல் இருந்தால்தான் முயல் அங்கே மேயும். வெளியே தனியாகத் தட்டாம்பயறு போட்டு முயலை அங்கே திருப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏக்கர் கணக்கில் நிலம் இருப்பவர்களுக்கு அது ஒருவேளை சரிப்படலாம். சின்னத் தோட்டத்துக்குச் சரிப்படாது, இன்னும் நாலு முயலுக்கு வழி காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கும் புல் இருக்கும், அப்போது தொல்லை பெரும்பாலும் முளைத்து வருகிற உளுந்துக்கும் பயறுக்கும் மட்டும்தான். பங்குனிக்கு மேல் வெளியே எல்லாம் காய்ந்து, உங்கள் தோட்டம் மட்டும் பச்சையாக நிற்கும்போதுதான் கடுமை. ஆகவே மார்கழி, தை மாதங்களில் மண்ணில் ஈரம் இருக்கும்போதே குழி எடுத்துக் கால் நட்டு, மாசிக்குள் வேலியை முடித்துவிடுங்கள். சித்திரையில் தொடங்கினால் கூலியும் இரண்டு மடங்கு, மண்ணும் இளகாது.

வேலியை மூடுகிற கடைசி நாளில் ஒரு வேலை இருக்கிறது. உள்ளே முயல் படுத்திருக்கிறதா என்று புல் தூர், வரப்போரம், குப்பைக் குவியல் எல்லாம் குச்சியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள், அன்றைக்கு ஒரு இரவு கதவைத் திறந்தே வைத்து, வாசலில் சாம்பலைத் தூவி வெளியே போன தடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மூடுங்கள். உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டால் அது தினமும் உங்கள் பாத்தியைத்தான் தின்னும்.

அப்படித் தேடும்போது குட்டிகள் கண்ணில் படலாம். ஒரு ஈற்றுக்கு ஒன்று முதல் நாலு வரை இருக்கும். பிறக்கும்போதே உடம்பில் முடியும் திறந்த கண்ணுமாகப் பிறக்கிற குட்டிகள் அவை, தாய் பகல் முழுவதும் தள்ளியே இருந்துவிட்டு இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துப் போகும். தனியாகக் கிடக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துவந்து பசும்பால் கொடுத்தால் பெரும்பாலும் செத்துப்போகும், வைத்து வளர்ப்பதும் சட்டப்படி தவறு. அந்தப் பக்கம் மட்டும் ஒரு வலைத்துண்டைக் கட்டாமல் விட்டு, குட்டிகள் தாமாக வெளியேறும் வரை, இரண்டு மூன்று வாரம் பொறுத்து மூடுங்கள். அதுவரை அந்த மூலையில் இருக்கிற நாற்றுகளுக்குக் கூடையைக் கவிழ்த்துக்கொள்ளலாம். நாய் கடித்தோ வலையில் அறுபட்டோ காயத்தோடு கிடந்தால் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அதுவரை ஒரு அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் சத்தமில்லாமலும் வைத்திருந்தால் போதும்.